நாடா அறுந்தது யாருக்கு?

ஆம்பூரிலிருந்து ஆலங்காயம் வரைக்கும் கபடி கமெண்ட்ரி என்றால் என் குரல்தான். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது என்பார்கள். பிறகு யார் சொல்வது? சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு இப்போது காது மந்தம். மீதிப் பேருக்குப் பொறாமை.

நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். எழுதுவதும் அப்படித்தான். ஒரு வரி எழுதி, ஒரு வாய் டீ குடித்து, எழுதினது சரியா என்று சத்தமாகப் படித்துப் பார்த்து, அப்புறம் அடுத்த வரி. அதனால் நீங்களும் மெதுவாகவே படிக்கலாம். யாரும் ஓடிவிடப் போவதில்லை. ஓடினது நான் ஒருத்திதான், அதுவும் அந்தக் காலத்தில்.

இதில் யார் பெயரும் வராது. ஏன் என்று கேட்டால் காரணம் இருக்கிறது. அது வரும்போது வரும்.

என்னை விளையாட்டில் சேர்த்தது கம்பெனி பஸ். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் எனக்கு வேலை. தினமும் காலையில் நான் தெருமுனைக்கு வரும்போது பஸ் புறப்பட்டிருக்கும். டிரைவர் என்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே கொஞ்சம் வேகம் எடுப்பார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் சாப்பாட்டுப் பையோடு ஓடிப்போய்ப் பின்படியில் ஏறுவேன். பஸ்ஸில் இருக்கிற பெண்கள் எல்லோரும் கை தட்டுவார்கள். கம்பெனிகளுக்குள் விளையாட்டுப் போட்டி வைக்கப் போகிறோம், லேடீஸ் டீம் வேண்டும், யாருக்கு ஓட வரும் என்று மேனேஜர் கேட்டபோது எங்கள் லைன் முழுக்க என்னைக் கை காட்டியது. டிரைவரும் வாசலில் நின்று கை காட்டினார்.

ஓட்டத்தில் ஜெயித்தேன். பஸ்ஸையே பிடித்தவளுக்கு மனுஷியைப் பிடிப்பது கஷ்டமா? அப்புறம் குண்டு எறிதலில் நிறுத்தினார்கள். சின்ன வயதில் அம்மாவோடு தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் போய், ஈரத் தோலைத் தூக்கிக் கொடியில் வீசிப் போட்டு வளர்ந்த கை என்னுடையது. இரும்புக் குண்டு ஈரத் தோல் மாதிரி வழுக்காது, நாறாது, மேலே சொட்டாது. இதையா விளையாட்டு என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வீசினேன். குறித்துவைத்த கோட்டையெல்லாம் தாண்டிப் போய், அளக்கிற டேப்பைச் சுருட்டிக்கொண்டு இருந்தவர் காலருகில் விழுந்தது. அவர் எகிறிக் குதித்த குதிப்புக்கு உயரம் தாண்டுதலில் ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்.

அதற்கப்புறம் எதையும் விடவில்லை. காலையில் ஓட்டம், வெயில் ஏறினதும் குண்டு, சாப்பிட்டுவிட்டு எறிபந்து, வெயில் இறங்கினதும் கபடி. எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், ஒரே டவுசர். எங்கள் வீட்டில் குடம், டிபன் கேரியர், ஹாட்பாக்ஸ், சுவர்க் கடிகாரம் எதையும் காசு கொடுத்து வாங்கினதில்லை.

ஆனால் ஆரம்பத்தில் வீட்டில் இது தெரியாது. ஓவர்டைம், ஓ.டி. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போவேன். என் வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் இருந்து அலுப்போடு வருவார், எதையும் கேட்க மாட்டார். மாமியார் மட்டும், "இந்தக் கம்பெனில மட்டும் ஞாயித்துக்கெழம கூட ஓ.டி. இருக்குதே" என்று கூரையைப் பார்த்துச் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டேன். மைக்கில் பேசிக்கொண்டிருந்த மனிதர் நல்லவர்தான். ஆனால் நல்ல குரல், அதுதான் ஆபத்து. நான் கபடி பாடிப் போகும்போது, அவர் என் பெயர், என் வீட்டுக்காரர் பெயர், எந்தத் தெரு, யார் வீட்டு மருமகள் என்று கல்யாணப் பத்திரிகை படிக்கிற மாதிரி படித்தார். குழாய் ஸ்பீக்கர் ஒன்று ரேஷன் கடைப் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே மண்ணெண்ணெய் வரிசையில் என் மாமியார்.

அவர் வரிசையை விட்டு வரவில்லை. மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், எனக்காகக் காத்திருந்தார்.

"இன்னிக்கி ஓ.டி.ல இன்னா வேலை?"

"பேக்கிங், அத்தை."

"பேக்கிங்ல மண்ணுலதான் உருளுவீங்களா?"

பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் குடத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தேன். குடத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அது இன்னா?"

"கம்பெனில குடுத்தாங்க."

"எல்லாருக்குமா?"

"ஜெயிச்சவங்களுக்கு மட்டும்."

அத்தை குடத்தை வாங்கினார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அடியைத் திருப்பிப் பார்த்தார். "கனமாத்தான் இருக்குது. அடுத்த தபா ஓ.டி. போனா மூடி வச்சதா பாத்து வாங்கினு வா" என்றார்.

எனக்கு அப்படி ஒரு மாமியார் அமைந்தார். எங்கள் டீமில் இருந்த இன்னொரு பெண்ணுக்கு அப்படி அமையவில்லை. அவள் பெயரை மைக்கில் கேட்டுவிட்டு அவள் அண்ணன் மைதானத்துக்குள் வந்து, ஆட்டத்தின் நடுவில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவளைவிட நன்றாகக் கால் பிடிக்கிறவள் எங்களில் யாரும் இல்லை. அப்புறம் அவள் வரவே இல்லை.

அதனால்தான் மைக் என் கைக்கு வந்த முதல் நாளே முடிவு செய்தேன், யார் பெயரையும் சொல்வதில்லை என்று. யார் எந்த செக்‌ஷனில் வேலை செய்கிறாளோ அதுதான் அவள் பெயர். "ஸ்டிச்சிங் பாடிப் போகுது! கட்டிங் ஒதுங்குது! பேக்கிங் பாய்ஞ்சி கால புடிச்சிடுச்சி!" இப்படித்தான் என் கமெண்ட்ரி. ரேஷன் வரிசையில் எவள் மாமியார் நின்று கேட்டாலும் ஸ்டிச்சிங் யார், கட்டிங் யார் என்று தெரியாது. இப்போது காலம் மாறிவிட்டது, பெண்களே தங்கள் படத்தைப் போனில் போட்டுக்கொள்கிறார்கள். ஆனாலும் என் வாய்க்கு அதுதான் பழக்கம். கைக்கும் அதே பழக்கம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

மைக் கைக்கு வந்தது முழங்கால் போனதால். கபடியில் என் மேல் நாலு பேர் விழுந்தார்கள், நான் எழுந்தேன், கால் எழவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இனிமே உக்காந்து பாருங்கம்மா" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒரு மேட்சில் அந்த நல்ல குரல்காரர் டீ குடிக்கப் போனார். டீக்கடையில் யாரோ தோஸ்த் கிடைத்துவிட்டார் போல, ஆள் திரும்பவில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டது. நான் நொண்டிக்கொண்டு மேடை ஏறி மைக்கை எடுத்தேன்.

"நாலு பக்கமும் கேக்குதா?"

"கேக்குது!" என்று கூட்டம் கத்தியது.

"அப்ப எல்லாரும் வாய மூடுங்க. ஆட்டம் நடக்குது."

அன்றைக்குப் பிடித்த மைக். பொங்கலை ஒட்டி வருகிற மயிலார் அன்று மாடு விடுகிற விழா, சர்ச் ஸ்கூல் விளையாட்டு விழா, கோயில் திருவிழாவில் கயிறு இழுக்கிறது, கம்பெனி ஆண்டு விழாவில் மேனேஜர்கள் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுகிறது, எல்லாவற்றுக்கும் பேசியிருக்கிறேன். எங்கள் ஊர் கேபிள் டி.வி. வந்ததும் அதிலும் நான்தான். இப்போது போனில் லைவ் போகிறது. சவுதியில் வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ரூமில் சேர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்களாம்.

ஆனால் எனக்கு ஒரு பழக்கம். அதைக் குறை என்று சொன்னவர்கள் உண்டு. நான் ஆடினவள். கண்ணெதிரே ஒரு இடம் காலியாக இருந்தால் வாய் சும்மா இருக்காது. "இடது பக்கம் காலியா இருக்குது, போயேன்டி!" என்று வந்துவிடும். நாலு குழாய் ஸ்பீக்கரில் வந்தால் பாடிப் போகிறவளுக்குக் கேட்காதா? அவள் போவாள், தொடுவாள், பாயிண்ட் எடுப்பாள். அதுவும் பெரும்பாலும் எங்கள் ஊர்ப் பெண்ணாகவே இருப்பாள். வெளியூர் டீம்காரர்கள் கேபிள் டி.வி. ஓனரிடம் போய்ப் புகார் சொல்லத் தொடங்கினார்கள்.

ஓனர் முப்பது வயசுத் தம்பி. அவன் அப்பா காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

"ஆயா, ஒரு விஷயம்."

"ஆயான்னு கூப்புடாத. மேடம்னு கூப்புடு."

"மேடம் ஆயா, கம்ப்ளெய்ண்ட் ஜாஸ்தியாயிடுச்சி. உங்க வாயால எங்க டீம் தோக்குதுன்றாங்க. வேலூர்ல ரேடியோவுக்குப் படிச்ச பொண்ணு ஒன்னு இருக்குது. கூப்ட்டா வந்துடும். அது யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்காது."

"ஏன் குடுக்காது?"

"அதுக்குக் கபடி தெரியாது."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வரப்போகிற பொங்கல் ஃபைனலில் நான் ஒழுங்காகப் பேச வேண்டும், நடந்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும், நடக்கப்போவதைச் சொல்லக் கூடாது என்றான். ஒரு தடவை மீறினால் கண்ணைக் காட்டுவான். மறுபடி மீறினால் அடுத்த மேட்சிலிருந்து மைக் அந்தப் பெண்ணுக்கு.

"நடந்தத மட்டும் சொல்லுங்க. அவ்ளோதான். பேஜார் பண்ணாதீங்க ஆயா."

அவன் போன பிறகு அவன் குடிக்காத டீயை நான் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. கால் போனபோது எனக்கு மைக் இருந்தது. மைக் போனால் என்ன இருக்கிறது? மத்தியானம் சீரியல் பார்த்துக்கொண்டு, பூண்டு உரித்துக்கொண்டு, தெருவில் போகிறவளை நிறுத்தி மூட்டுவலி பற்றிப் பேசுகிற கிழவியாக வேண்டும். எங்கள் தெருவில் அந்த வேலைக்கு ஏற்கனவே ஆட்கள் நிறைய.

ஃபைனலில் எங்கள் ஷூ கம்பெனிப் பெண்களை எதிர்த்து ஆட வந்தது குடியாத்தம் பவர்லூம் டீம். அதற்குக் கோச் யார் என்று பார்த்ததும் எனக்குப் பாதி சந்தோஷம், பாதி வயிற்றெரிச்சல். நான் ஆடின காலமெல்லாம் என்னை எதிர்த்து ஆடினவள். ஓட்டத்தில் எனக்குப் பின்னால் வருவாள், எறிபந்தில் எனக்கு முன்னால் போவாள், கபடியில் என் காலைப் பிடிப்பாள். தறிக்காரக் குடும்பம். அவளுக்கு நான் வைத்த பெயர் லுங்கி. எனக்கு அவள் வைத்த பெயர் தோலு. இந்த இரண்டு பெயரையும் எழுதுவதில் தப்பில்லை, எங்கள் வீட்டில் கூட யாருக்கும் தெரியாது.

தோளில் கட்டம் போட்ட லுங்கித் துண்டோடு மேடைக்குக் கீழே வந்து நின்றாள்.

"இன்னாடி தோலு, இன்னும் உசுரோடதான் இருக்கியா?"

"நீ வர்றதப் பாத்துட்டுப் போலாம்னு இருந்தேன்டி லுங்கி."

"முட்டி எப்டி இருக்குது?"

"மடக்காத வரைக்கும் நல்லா இருக்குது."

"வாய்?"

"அது மடங்கவே மடங்காது."

"அதான் எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

ஆட்டம் ஆரம்பித்தது. அவர்கள் பெண்களுக்கும் நான் வேலைப் பெயர்தான் வைத்தேன். பாவு நூல் ஓட்டுகிறவள் பாவு, தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள் தார், லுங்கி மடிக்கிறவள் மடிப்பு. ஓனர் தம்பி என் பக்கத்தில் நாற்காலி போட்டு, சவுண்ட் பெட்டியில் கை வைத்துக்கொண்டு, என் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரம் நான் உத்தமியாக இருந்தேன். தொட்டதைச் சொன்னேன், பிடித்ததைச் சொன்னேன். அப்புறம் எங்கள் ஸ்டிச்சிங் பாடிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். குடியாத்தத்தின் இடது மூலையில் நின்ற மடிப்பு என்னவோ நினைப்பில் இரண்டடி முன்னால் வந்துவிட்டாள். மூலை திறந்து கிடந்தது. என் வாயும் திறந்தது.

"இடது மூலை காலியா நிக்குது!"

ஸ்டிச்சிங் அங்கே பாய்ந்தாள். பாய்ந்ததும் மடிப்பும் பாவும் கை கோத்துக் கதவு சாத்தின மாதிரி பின்னால் மூடினார்கள். ஸ்டிச்சிங் அவுட்.

ஓனர் என்னைப் பார்த்தான். "காலியா நின்னுது, சொன்னேன். அதுவும் நடந்ததுதானே?" என்று மைக்கை மூடிக்கொண்டு கேட்டேன். அவன் கண்ணைக் காட்டினான். அது முதல் தடவை.

அதன் பிறகு நான் "காலி" என்கிற வார்த்தையையே சொல்லவில்லை. ஆனால் என் குரல் ஏறும் இல்லையா? "மடிப்பு முன்னால வந்துட்டுது... அடடா..." என்று இழுத்தால் எங்கள் பெண்களுக்குப் போதும். என் குரலைக் கேட்டே வளர்ந்தவர்கள். கட்டிங் அந்த மூலைக்குப் போனாள், மாட்டினாள். ஸ்டிச்சிங் மறுபடி வந்து மறுபடி போனாள், மறுபடி மாட்டினாள். பாதி ஆட்டம் முடிந்தபோது குடியாத்தம் நன்றாக முன்னால் போயிருந்தது.

இடைவேளையில் லுங்கி மேடை ஏறி வந்தாள். கையில் ஒரு கோலி சோடா.

"இந்தா, குடி. தொண்ட காஞ்சிருக்கும். எங்க டீம்ல உனக்குத்தான் ஜாஸ்தி வேல."

"இன்னாடி சொல்ற?"

"இந்தத் துண்ட எந்தத் தோள்ல போட்டுக்கினேன் பாத்தியா? இடது தோளுக்கு மாத்துனா மடிப்பு மூலைய விட்டு வந்துடணும். உன் கண்ணுக்குத் தெரியும், உன் வாய் சும்மா இருக்காது, உன் பொண்ணுங்க வந்து விழும். ஒரு மாசமா இதத்தான் ப்ராக்டீஸ் பண்ணோம். ஒரு பொண்ணு ஒரலு மேல ஏறி நின்னு உன்ன மாதிரியே கத்தும்."

"என்ன மாதிரியா?"

"உன்னவிட நல்லா."

நான் சோடாவைக் குடித்தேன். வேறு என்ன செய்வது, ஓசியில் வந்தது. அவள் இறங்கிப் போனதும் ஓனர் தம்பி நெருங்கி வந்தான்.

"ஆயா, இப்பவே சொல்ட்டேன். மூலை, முன்னால, அடடா, ஒன்னும் கூடாது. நடந்து முடிஞ்சத மட்டும் சொல்லணும்."

"நடந்து முடிஞ்சது எதுவா இருந்தாலும் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"சத்தியமா?"

"சத்தியமா ஆயா."

எங்கள் பெண்களிடம் போய்ச் சொல்லலாம் என்றால் இந்தக் காலோடு இறங்கி ஏறுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். பேசினால் மைக் போகும். பேசாவிட்டால் எங்கள் பெண்கள் தானாகவே அந்த மூலையில் போய் விழுந்துகொண்டிருப்பார்கள், அவ்வளவு பழகிவிட்டது. அதைவிட, கீழே அந்தத் துண்டு இரண்டு தோளுக்கும் போய்வருவதை நான் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விசில் ஊதினார்கள். நான் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

"அன்பான பொதுமக்களே! இந்த ஆட்டத்தப் பாக்கும்போது எனக்குப் பழைய ஆட்டம் ஒன்னு ஞாபகம் வருது. அணைக்கட்டு ஊருல நடந்தது. நடந்து முடிஞ்சது."

ஓனர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அன்னிக்கி எங்களுக்கும் குடியாத்தத்துக்கும் ஃபைனல். பக்கத்துல வேர்க்கடலக் கொல்லை, ராத்திரி பேஞ்ச மழைல தரையெல்லாம் சேறு. நான்தான் பாடிப் போறேன். அந்தப் பக்கம் மூலைல நிக்கிறது, இப்ப கீழ துண்டு போட்டுக்கினு உக்காந்திருக்கிற கோச். அவ இன்னா பண்ணா தெரியுமா? மூலைய விட்டுட்டு முன்னால வந்து நின்னா. நான் பாய்ஞ்சேன். கதவு சாத்துற மாதிரி சாத்திட்டாங்க. அவுட்டு. மறுபடி வந்தேன். மறுபடி மூலை தெறந்து கிடக்குது. இந்தத் தபா நான் போற மாதிரி போனேன், போவல. பாதில நின்னேன். சாத்துறதுக்கு ஓடியாந்தாளே, அவளத் திரும்பித் தொட்டேன். தொட்டுட்டு வந்துட்டேன்."

கீழே ஸ்டிச்சிங் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். லுங்கியின் துண்டு இடது தோளுக்குப் போனது. மடிப்பு முன்னால் வந்தாள். ஸ்டிச்சிங் மூலையைப் பார்த்து ஓடினாள், பாதியில் நின்றாள், சாத்த ஓடி வந்த பாவைத் திரும்பித் தொட்டாள், தொட்டுவிட்டு வந்துவிட்டாள்.

கூட்டம் எழுந்து நின்றது. ஓனர் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன், என் மாமியார் பார்க்கிற மாதிரி.

"அணைக்கட்டுல நடந்தது தம்பி."

லுங்கி துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் அவள் பெண்களும் ஒரு மாசம் பழகியவர்கள், உடனே மறக்க வருமா? கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள் கிட்டே போனோம். கடைசி ரெய்டு வரும்போது இரண்டு பக்கமும் சமம். குடியாத்தத்தின் தார் பாட வர வேண்டும். நல்ல மூச்சு உள்ள பெண், சின்ன உடம்பு, கையில் அகப்பட மாட்டாள். தொட்டுவிட்டால் அவர்களுக்குக் கோப்பை, பிடித்துவிட்டால் எங்களுக்கு.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கதை பாதியில் நிற்கிறது. கூட்டத்தில் ஒருத்தர், "அணைக்கட்டுல அப்றம் இன்னா ஆச்சு?" என்று கத்தினார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா?

"அப்றமா? கடைசி ரெய்டு. நான் தொட்டுட்டுத் திரும்புறேன். இவ சேத்துல பாய்ஞ்சி என் கணுக்கால புடிச்சிட்டா. இரும்புப் புடி. கோடு என் கைக்கு ஒரு சாண் தூரம். அப்பதான் நடந்தது. இவ போட்டுனு இருந்தது வீட்டுக்காரர் லுங்கியக் கிழிச்சி அவளே தச்ச டவுசரு. அதோட நாடா, பட்டுனு அறுந்துது!"

தார் "கபடி கபடி" என்று எங்கள் பக்கத்துக்குள் நுழைந்திருந்தாள்.

"ஒரு கைல என் காலு, ஒரு கைல டவுசரு. ரெண்டு கையும் வேணும் ரெண்டுக்கும்! கோப்பையா மானமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சா பாருங்க..."

தார் தன் கோச்சைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. "கபடி கபடி கப..." என்று வந்தது, அப்புறம் "க்குக்" என்று ஒரு சத்தம். எங்கள் பக்கத்தின் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாட்டு அறுந்தால் அவுட். விசில் ஊதிவிட்டார்கள். எங்கள் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கத்தினார்கள்.

லுங்கி மைதானத்துக்குள் நடந்து வந்தாள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். நடுவர் முன்னால் நின்றாள்.

"சார், இது ஆட்டமா, நாடகமா? மைக்ல என் டவுசரப் பத்திப் பேசுனா எந்தப் பொண்ணு மூச்சடக்கிப் பாடும்?"

நடுவர் வயசானவர், ரிட்டயரான டிரில் மாஸ்டர். சிரித்ததை விசிலை வாயில் வைத்து மறைத்துக்கொண்டிருந்தார். "கடைசி ரெய்டு மறுபடி போகட்டும். மைக் ஆஃப்" என்றார்.

ஓனர் சவுண்ட் பெட்டியின் பட்டனை அமுக்கினான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

மைதானமே அடங்கிவிட்டது. தாரின் மூச்சு மட்டும் கேட்டது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், நான் எங்கள் பேக்கிங்கின் காலைப் பார்த்தேன். ஆர்வத்தில் ஒரு பாதம் முன்னால் நீண்டுவிட்டது. இழுத்துக்கோடி, இழுத்துக்கோ. நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டேன். தார் குனிந்து அந்தப் பாதத்தை ஒரு விரலால் தொட்டாள், பூச்சியைத் தட்டிவிடுகிற மாதிரி, அப்புறம் திரும்பி ஓடிவிட்டாள்.

தோற்றோம். கோப்பை குடியாத்தம் பஸ்ஸில் ஏறப் போகிறது. நான் மைக்கின் ஒயரைச் சுற்றி, ஓனர் கையில் கொடுத்தேன். யாரும் வாங்கிக்கொள்வதற்கு முன்னால் நானே கொடுத்துவிடுவதுதான் எனக்கு மரியாதை.

"இந்தா தம்பி. அந்தப் பொண்ணக் கூப்புட்டுக்கோ."

அவன் வாங்கவில்லை. அவனுடைய இரண்டு போனும் அடித்துக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்தான். "ஹலோ... ஆமாங்க, சத்தம் நாங்கதான் நிறுத்துனோம்... இல்லீங்க, மேட்ச் முடிஞ்சிடுச்சி... இன்னாது? நாடாவா?" அடுத்ததை எடுத்தான். "ஹலோ, ஆலங்காயமா? ஆமாங்க. தெரியலீங்க, அவங்களத்தான் கேக்கணும்." என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஆயா, மேட்ச்ல யார் ஜெயிச்சாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. அணைக்கட்டுல யாரு ஜெயிச்சாங்கன்னு கேக்குறாங்க."

அதற்குள் மேடைப் படியில் சத்தம். கையில் கோப்பையோடு லுங்கி ஏறி வந்தாள். கோப்பையை என் மேஜை மேல் டொக்கென்று வைத்தாள்.

"குடுடா தம்பி அந்த மைக்க. இவ சொன்னது அத்தனையும் பொய். நாடா அறுந்தது இவளுக்கு!"

"எனக்கா? என்னுது எலாஸ்டிக்டி!"

"எலாஸ்டிக்கு உனக்கு எப்ப வந்துது? உன் மாமியார் குடத்துக்கு மூடி கேட்ட காலத்துல எலாஸ்டிக்கா?"

"அது உனக்கு எப்டித் தெரியும்?"

"நீதான் பஸ் ஸ்டாண்டுல சொன்ன!"

"டவுசரப் புடிச்சினு நின்னது யாரு, நான் நின்னேனா?"

"பின்ன நானா? நீ கோட்டத் தாண்டி விழுந்தப்ப உன் டவுசரு எங்க இருந்துதுன்னு சொல்லட்டா?"

ஏதோ வித்தியாசமாக இருந்தது. எங்கள் குரல் நாலு பக்கத்திலிருந்தும் திரும்பி வந்தது. கலைந்து போன கூட்டம் நின்று திரும்பிப் பார்த்தது. ஓனர் தம்பி பட்டனை எப்போது மறுபடி போட்டான் என்று எனக்குத் தெரியாது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு போனையும் அணைத்து வைத்துவிட்டு, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவும் வியாபாரம் படிந்தால் அப்படித்தான் சாய்வார்.

வேலூர்ப் பெண்ணைக் கூப்பிடவில்லை. இப்போது மேடையில் இரண்டு மைக். லுங்கி குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வருகிறாள், பேரன் கோச் வேலையைப் பார்த்துக்கொள்கிறான். கண்டிஷன் இரண்டு பேருக்கும் அதேதான், நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். எனக்கு எங்காவது காலி இடம் தெரிந்து வாய் திறந்தால், அவள் லுங்கித் துண்டை எடுத்து என் மைக்கின் மேல் போட்டுவிடுகிறாள். பாதி மைக்தான் மிச்சம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பாதியை நான் எப்படிப் பிடித்திருக்கிறேன் என்று வந்து பார்க்கட்டும்.

போன வாரம் அரக்கோணத்தில் ஆட்டம். டாஸ் போடுவதற்கு முன்னால் நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வணக்கம் சொல்லப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அன்பான பொதுமக்களே, எல்லாருக்கும் வணக்கம். ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, நாடா விஷயம்."